கேப் தேனீயும் நம் நேட்டால் தேனீயும் ஒரே இனம்தானா?

நம் தென் ஆப்பிரிக்காவின் நேட்டால் பக்கம், டோங்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் லிச்சி மரத்தடியில் நாலு பெட்டி வைத்திருக்கிறேன். கொட்டு தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆயா தினமும் சண்டைக்கு வருகிறார். என் மாமா கேப் டவுன் பக்கம் தேனீ வளர்க்கிறார். அங்கே ஈ சாது, இரண்டு பெட்டியைப் பக்கியில் போட்டுக்கொண்டு வருகிறேன் என்கிறார். படித்துப் பார்த்தால் இரண்டுமே ஏபிஸ் மெல்லிஃபெரா என்றுதான் இருக்கிறது. ஒரே இனம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் என்ன கெட்டுவிடும்?"

(பக்கி என்றால் இங்கே பிக்அப் வண்டி. ஊரிலிருந்து படிப்பவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

கொண்டுவரவே கூடாது, தம்பி. இன்றைக்கே மாமாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கேப் ஈயை வடக்கே ஏற்றுவதற்கும் இங்கத்து ஈயைத் தெற்கே இறக்குவதற்கும் அரசாங்கம் வரைபடத்தில் கோடு போட்டுத் தடுத்து வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். ஆனால் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஒரே இனம் என்பது சரிதான். அந்த ஒரே இனத்துக்குள் எவ்வளவு தூரம் வேறுபட முடியும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

நான் மார்த்தாண்டத்துக்காரன். ரப்பர் தோட்டத்தில் அப்பா வைத்திருந்த பெட்டிகளில் இருந்தது அடுக்குத் தேனீ, அதாவது ஏபிஸ் செரானா. அது வேறு இனம். மெல்லிஃபெராவோடு ஒரே தோட்டத்தில் வைத்தாலும் கலந்து குஞ்சு பொரிக்காது. அந்தச் செரானாவுக்குள்ளேயே மலையில் கறுப்பு ஈ, சமவெளியில் மஞ்சள் ஈ என்று இரண்டு ஜாடை உண்டு. "மலை ஈ குளிர் தாங்கும், கீழே கொண்டுவந்தால் நிற்காது" என்பார் அப்பா. துணையினம் என்ற சொல்லெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் துணையினம் என்பதன் அர்த்தம் அதுதான்: கலந்தால் குஞ்சு வரும், ஆனால் பல்லாயிரம் வருஷம் ஒரு மண்ணுக்கும் மழைக்கும் பழகி, உடம்பிலும் நடத்தையிலும் தனி வழக்கம் பிடித்துக்கொண்ட கூட்டம்.

மெல்லிஃபெராவின் பூர்விக நிலம் மிகப் பெரியது. தெற்கே நம் கேப் முனையிலிருந்து வடக்கே ஸ்காண்டிநேவியா வரை, கிழக்கே மேற்காசியா வரை. 1758-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி வைத்த பெயருக்குத் 'தேன் சுமப்பது' என்று பொருள். ஈ சுமப்பது பூவின் மதுவைத்தான், தேனைக் கூட்டில்தான் செய்கிறது என்று பிறகு உறைத்திருக்கிறது. 1761-ல் 'தேன் செய்வது' என்று பொருள்படும்படி மெல்லிஃபிக்கா என மாற்றினார். முதலில் வைத்த பெயரே நிற்கும் என்ற விதியால் தப்பான பெயரே நிலைத்துவிட்டது. இந்த வகைப்பாட்டுத் துறையில் இப்படிப்பட்ட சிரிப்பு நிறைய உண்டு.

நம் நாட்டுக்குப் பூர்விகம் இரண்டு துணையினங்கள். தெற்கே, குளிர்காலத்தில் மழை பெய்யும் ஃபைன்போஸ் புதர்க்காட்டில் இருப்பது கேப்பென்சிஸ். எஷ்ஷோல்ட்ஸ் என்பவர் 1822-ல் பெயரிட்டது. மேற்குக் கரையில் ஃப்ரெடெண்டாலிலிருந்து கிழக்குக் கரையில் வில்லோவேல் வரை ஒரு கோடு இழுத்தால் அதற்குக் கீழே உள்ளது அதன் வீடு. மேலே, நேட்டால், ஃப்ரீ ஸ்டேட், கௌடெங், லிம்போபோ என்று கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் பரவியிருப்பது ஸ்குட்டெல்லாட்டா. 1836-ல் லெப்பலெத்தியே வைத்த பெயர். முதுகில் சிறகுகளுக்கு நடுவே சின்னக் கேடயம்போல ஒரு மேடு இருக்கும், பெயர் அதிலிருந்து வந்தது. நம் ஈக்கு அந்த மேடு பெரும்பாலும் மஞ்சள் பூத்திருக்கும், கேப் ஈக்குக் கறுத்திருக்கும். உங்கள் லிச்சி மரத்தடியில் ஆயாவைத் துரத்துவது ஸ்குட்டெல்லாட்டாதான்.

பெயரைத் தப்பாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஈயே சாட்சி. ரொம்ப காலம் இதை 'அடன்சோனி' என்றுதான் எழுதிவந்தார்கள். அது உண்மையில் மேற்கு ஆப்பிரிக்க ஈயின் பெயர். 1956-ல் வார்விக் கெர் என்ற பிரேசில் விஞ்ஞானி தென் ஆப்பிரிக்காவிலிருந்தும் இன்றைய டான்சானியாவான தாங்கனிக்காவிலிருந்தும் ராணிகளைக் கொண்டுபோனார். அடுத்த வருஷம் 26 கூட்டங்கள் தப்பித்துப் பறந்தன. அவற்றின் சந்ததிதான் அமெரிக்கக் கண்டம் முழுக்கப் பரவி, 1990-ல் டெக்சஸ் எல்லையைத் தாண்டியது. அந்தக் காலத்துக் கட்டுரைகளில் எல்லாம் அது 'அடன்சோனி'தான். நம் ஊர் ஈ உலகம் சுற்றியது வேறொருவன் பாஸ்போர்ட்டில்.

இந்தக் குழப்பத்தைப் பெருமளவு சரிசெய்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் ருட்னர். 1988-ல் அவர் மெல்லிஃபெராவை 24 துணையினங்களாகப் பிரித்தார். ஆப்பிரிக்கக் கிளை, மேற்கு ஐரோப்பியக் கிளை, தென்கிழக்கு ஐரோப்பியக் கிளை, மேற்காசியக் கிளை என நாலு பெரிய கிளைகளையும் காட்டினார். நிறத்தைப் பார்த்து இதைச் செய்யவில்லை. ஒரு குடும்பத்திலிருந்து பத்து இருபது பணித்தேனீ எடுத்து, நாக்கின் நீளம், மயிரின் நீளம், பின்னங்காலின் அளவு, சிறகு நரம்புகளின் கோணம் என்று நாற்பது சங்கதி வரை அளந்து, கணக்கில் போட்டுப் பிரித்தார். தனியாக ஒரு ஈயை எடுத்துப் பார்த்து "இது இன்ன துணையினம்" என்று அவரும் சொல்லமாட்டார். கூட்டத்தின் சராசரிதான் பேசும்.

இதில் ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். செத்த ஈயின் முன்சிறகை அடியோடு இடுக்கியால் பிடுங்கி, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து, ஸ்கேனரில் போட்டுப் பெரிதாக்குங்கள். சிறகின் நடுவில் சாய்ந்த அறை ஒன்று தெரியும். அதன் கீழ்க்கோட்டில் வேறொரு நரம்பு வந்து முட்டி, அதை நீளத் துண்டு, குட்டைத் துண்டு என்று இரண்டாக்கும். நீளத்தைக் குட்டையால் வகுத்தால் வருவதுதான் 'கியூபிட்டல்' எண். ஐரோப்பாவின் கறுப்பு ஈக்குச் சராசரி 1.7 போல வரும், ஆஸ்திரியப் பக்கத்துக் கார்னியோலன் ஈக்கு 2.7 போல வரும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், சிறகு காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒரு மழைநாள் முழுக்க உட்கார்ந்து முப்பது சிறகு அளந்தேன். வீட்டுக்காரி டைனிங் டேபிளைத் துடைத்துவிட்டு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கூட்டுப்புழுவாக இருக்கும்போது அடையில் குளிர் பட்டால் அதே ராணியின் பிள்ளை சற்றுக் கறுத்துப் பிறக்கும். ராணி பல ஆண் ஈக்களோடு கூடுபவள், அதனால் ஒரே பெட்டியில் மஞ்சளும் கறுப்பும் கலந்திருப்பதும் சாதாரணம். "என் பெட்டியில் பாதி கேப் ஈ வந்துவிட்டது" என்று பதறி அழைப்பவர்களில் பலரிடம் நான் முதலில் சொல்வது இதுதான்.

அளவில் பார்த்தால் கேப்பென்சிஸும் ஸ்குட்டெல்லாட்டாவும் ரொம்ப நெருங்கிய பங்காளிகள். இரண்டும் ஆப்பிரிக்கக் கிளை. இரண்டு நிலத்துக்கும் நடுவே அகலமான கலப்புப் பட்டை ஒன்று இருக்கிறது, அங்கே எது எது என்று பிரிக்கவே முடியாது. இந்த அளவுக்குப் பக்கத்தில் இருப்பவற்றைத் தனித் துணையினம் என்று சொல்வானேன்? அளவில் தெரியாத ஒன்றை முட்டையில் பார்க்கலாம்.

தேனீ வளர்ப்பவர் எல்லாருக்கும் தெரிந்த பாடம்: ஆண் விந்து சேராத முட்டையிலிருந்து ஆண் ஈதான் வரும். 1845-ல் ஜெர்சோன் என்ற பாதிரியார் சொன்னது. ராணி இல்லாத பெட்டியில் பணித்தேனீ முட்டையிட ஆரம்பித்தால் அடை முழுக்க ஆண் ஈயாகி, குடும்பம் அழிந்துபோகும். ஆனால் 1912-ல் கேப்பில் ஆனியன்ஸ் என்ற தேனீ வளர்ப்பாளர், தன் பெட்டிகளில் பணித்தேனீ இட்ட முட்டையிலிருந்து பெண் ஈ பிறக்கிறது என்று எழுதினார். கவனிக்கத் தெரியாமல் உளறுகிறார் என்ற பார்வை இருந்தது. 1917-ல் ஜாக் என்ற பூச்சியியலாளர் அந்தச் சோதனைகளை லண்டன் பூச்சியியல் சங்கத்தின் ஏட்டில் எழுதினார்.

நடப்பது இது. முட்டை உருவாகும்போது உட்கரு பிரிந்து நாலாகிறது. மற்ற ஈக்களில் அதில் ஒன்று மட்டும் தங்கும், ஆண் விந்து வராவிட்டால் அது ஒற்றைக் குரோமோசோம் தொகுதியோடு ஆணாகும். கேப் ஈயில் நடுவில் இருக்கும் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. தகப்பனே இல்லாமல் இரட்டைத் தொகுதி, ஆகவே பெண். தாயின் நகல் என்றே சொல்லலாம். இதோடு கேப் பணித்தேனீக்கு முட்டை உருவாகும் சினைக்குழல்கள் மற்ற பணித்தேனீக்களைவிட அதிகம். ராணிக்கு மட்டும் இருக்கவேண்டிய விந்துப்பை அதற்கும் சின்னதாக இருக்கும், அதை அது பயன்படுத்துவதில்லை. சீக்கிரத்தில் ராணி வாசனையும் வீச ஆரம்பித்துவிடும்.

அதன் சொந்த ஊரில் இது வரம். கேப்பில் காற்று எப்படி அடிக்கும் என்று மாமாவைக் கேளுங்கள். ஆண் ஈயோடு கூடப் பறந்துபோன கன்னி ராணி திரும்பாமல் போவது அங்கே சகஜம், அதற்கு மருந்தாகத்தான் இந்த வழக்கம் வந்திருக்கும் என்பது ஒரு ஊகம், எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. ராணி தொலைந்த கேப் குடும்பம், பணித்தேனீ இட்ட முட்டையிலிருந்தே புது ராணியை வளர்த்துக்கொள்ளும். நம் ஈயால் அது முடியாது.

வேறு ஊருக்குப் போனால் அதே வரம் சாபமாகிறது. 1990-ல் தேனீ வளர்ப்பாளர்கள் ஏறக்குறைய 200 கேப் குடும்பங்களை வடக்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிரிட்டோரியாவுக்கு மேலே குளிர்காலத்தில் கற்றாழைக் காடு சிவந்து பூக்கும், நாட்டின் பல பக்கத்துப் பெட்டிகளும் அங்கே கூடும். அங்கே ஸ்குட்டெல்லாட்டா பெட்டிகளுக்குப் பக்கத்தில் இவை நின்றன. வழி தவறி நுழைந்த கேப் பணித்தேனீ, அடுத்த வீட்டில் முட்டையிட்டது. சாதாரணமாக, பணித்தேனீ இட்ட முட்டையை மற்றப் பணித்தேனீக்கள் தின்றுவிடும், கூட்டின் காவல் அது. கேப் ஈயின் முட்டை அந்தக் காவலைத் தப்பிவிடுகிறது. பிறந்த பிள்ளைகளும் வேலைக்குப் போகாமல் முட்டையே இடுகின்றன. வீட்டு ராணி காணாமல் போகிறாள். பழைய ஈக்கள் வயதாகிச் சாகச் சாகக் கூடு சுருங்குகிறது, கடைசியில் மிஞ்சிய கேப் ஈக்கள் அடுத்த பெட்டிக்குப் போகின்றன. பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் போயின.

வயிற்றைக் கலக்குவது அடுத்த செய்தி. மரபணுவைப் பார்த்தபோது வடக்கே பெட்டிகளைத் தின்றுகொண்டிருப்பவை எல்லாம் ஒரே ஒரு பணித்தேனீயின் நகல்கள் என்று தெரிந்தது. இருநூறு பெட்டியில் இருந்த லட்சக்கணக்கான ஈக்களில் ஒருத்தி. அவளுடைய வம்சம் முப்பது வருஷம் கடந்தும் ஓயவில்லை.

இதில் எனக்கே அடி விழுந்தது. ஸ்டாங்கர் பக்கம், கரும்புக்கும் யூக்கலிப்டஸ் தோப்புக்கும் நடுவே பெட்டி வைத்திருந்தபோது, கற்றாழை சீசன் முடிந்து வடக்கிலிருந்து இறங்கிய ஒருவரிடம் ஆறு பெட்டி மலிவாக வாங்கினேன். மலிவு என்றபோதே யோசித்திருக்க வேண்டும். ஏழாவது வாரம் என் பழைய பெட்டி ஒன்றைத் திறந்தால், புகை போடாமலே ஈ அமைதியாக இருக்கிறது. முதலில் சந்தோஷப்பட்டேன். அடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினேன்: ஒரு அறைக்குள் நாலு முட்டை, அஞ்சு முட்டை, சில அடியில் நிற்காமல் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தன. பணித்தேனீயின் வயிறு குட்டை, அடி வரை எட்டாது. சரி, ராணி செத்துப் பணித்தேனீ முட்டையிடுகிறது, ஆண் அடைதான் வரும் என்று நினைத்தேன். ஆனால் மூடிய அறைகள் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் புடைக்கவில்லை. ஒன்றை ஊசியால் திறந்தேன். உள்ளே கூட்டுப்புழு, பெரிய கண்கள் உச்சியில் சேராத தலை. பெண். சட்டத்தின் மேல் கறுத்துப் பளபளவென்று சில ஈக்கள், சுற்றி நிற்பவை அவற்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. அன்று சாயங்காலம் அந்தப் பெட்டியை மூடிக் கொளுத்தினேன். அந்த வருஷம் பதினேழு பெட்டி கொளுத்தினேன்.

இதை வைத்து யோசித்தால் வகைப்பாடு என்ற விஷயமே வேறு மாதிரித் தெரியும். கேப் ஈயின் இந்தப் பழக்கத்துக்கு 11-ஆம் குரோமோசோமில் ஒரே ஒரு மரபணு காரணம் என்று 2020-ல் ஓர் ஆய்வுக்குழு எழுதியது. அதற்கு முந்தைய ஆய்வுகள் வேறு இடங்களைக் காட்டியிருந்தன, வாதம் அடங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கிளிமாஞ்சாரோ, கென்ய மலைகளின் உச்சியில் கறுத்து மயிரடர்ந்த மொன்டிக்கோலா ஈ இருக்கிறது. 1961-ல் தனித் துணையினமாகப் பெயரிட்டார்கள். 2017-ல் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, 7-ஆம், 9-ஆம் குரோமோசோம்களில் இரண்டு பெரிய துண்டுகள்தான் மாறியிருந்தன, மற்றதெல்லாம் அடிவாரத்து ஸ்குட்டெல்லாட்டாவேதான். அப்படியானால் அது தனித் துணையினமா, மலைக்கோட்டு போட்ட அதே ஈயா? மரபணுவில் நூற்றுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று எண்ணுகிறவருக்கு அதே ஈ. கூடு வைத்து வாழ்கிறவருக்கு வேறு ஈ. நான் இரண்டாமவர் கட்சி.

பெரிய படமும் இப்படித்தான் ஆடுகிறது. 2006-ல் மெல்லிஃபெரா ஆப்பிரிக்காவில் பிறந்து மூன்று தடவை வெளியே போனது என்றார்கள். 2021-ல் 251 ஈக்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டு, இல்லை, மேற்காசியாவில் பிறந்துதான் மூன்று தடவை பரவியது என்றார்கள், கிளைகளும் ஏழாகிவிட்டன. அதில் ஒன்று மடகாஸ்கரின் யூனிகலர், 1804-ல் லத்ரேய் பெயர் வைத்த ஒரே நிறக் கறுப்பு ஈ. மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் இருக்கும் நம் ஆட்கள் பார்ப்பது அதைத்தான், மொரீஷியஸில் ஐரோப்பிய ரத்தம் நன்றாகக் கலந்த வடிவில். ஊரிலும் இந்தச் சண்டை உண்டு: மேற்குத் தொடர்ச்சி மலையின் கறுப்பு ஈயைத் துணையினம் கூட இல்லை, 'ஏபிஸ் கரிஞ்ஞொடியன்' என்ற தனி இனமே என்று 2022-ல் கேரளத்தில் எழுதினார்கள். அப்பா சொன்ன 'மலை ஈ' அதுவாக இருக்கலாம். சிறகளவையைப் பெரிதாக நம்பித் தனி இனம் என்று தூக்கிவிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு, அந்த மழைநாள் சிறகுக் கணக்கு அனுபவத்தால்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். கேப்பின் சாது ஈ வேண்டும் என்ற ஆசைதானே இதற்கெல்லாம் மூலம்? கொட்டுவதைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. பெட்டியின் வாசலை ஆயா வீட்டுப் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம் திருப்புங்கள், நடுவில் ஆறடி உயர வேலி அல்லது செடி வரிசை வையுங்கள், ஈ மேலெழும்பிப் பறக்கும். மதியம் வெயிலில் திறக்காமல் பொழுது சாயும் நேரம் திறங்கள். நாலில் எந்தப் பெட்டி மோசமோ அதை ஊருக்கு வெளியே கரும்புத் தோட்டத்துப் பக்கம் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் ஒரு பெட்டிதான் மற்ற மூன்றின் பெயரையும் கெடுக்கும்.

புதுக் குடும்பம் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்காதீர்கள். இந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் செய்கிற மாதிரி, மெழுகு தடவிய கேட்ச் பாக்ஸ் இரண்டை மரத்தில் ஏற்றி வையுங்கள். வசந்தத்தில் கூட்டம் தானாக வந்து அடையும், அது இந்த மண்ணின் ஈயாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வந்ததை முதல் ஆறு வாரம் மற்ற நாலோடு சேர்க்காமல் தள்ளி வைத்து, பத்து நாளைக்கு ஒருமுறை முட்டையைப் பாருங்கள். ஒரு அறைக்கு ஒரு முட்டை, அடியில் நேராக நின்றால் நிம்மதி. ஒன்றுக்கு மேல் இருந்து, மூடிய அறையில் பெண் புழு இருந்தால், யோசிக்காமல் கொளுத்துங்கள். மனசு கேட்காது, தெரியும்.

மாமாவிடம் ஃபைன்போஸ் தேன் வாங்கிக்கொள்ளுங்கள், பாட்டிலில். பழைய சட்டமோ அடையோ பெட்டியோ எதுவும் வேண்டாம், காலி என்று அவர் சொன்னாலும்.